எடை கூட்டியும் தசை ஏறவில்லையா? முதலில் ஃபெரிட்டின் பாருங்கள்

முதல் செட் நன்றாகப் போகிறது, மூன்றாவது செட்டில் எண்ணிக்கை பாதியாகிறது. லெக் டே முடிந்து மூன்று நாளாகியும் தொடைக் கனம் இறங்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வியாசர்பாடியில் பந்து ஆடும் பெண்ணாக இருந்தாலும், தண்டையார்பேட்டை ஜிம்முக்குப் போகும் பையனாக இருந்தாலும், புரோட்டீன் பவுடருக்கு வைத்திருக்கும் காசில் முதலில் ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

இரும்புச்சத்து ரத்தத்துக்கு மட்டுமல்ல. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினுக்கும், சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அது வேண்டும். குறைந்தால் தசை சீக்கிரமே ஆக்சிஜன் இல்லாமல் சக்தி எடுக்கும் லாக்டேட் வழிக்குத் தாவுகிறது, எரிச்சல் வருகிறது, செட் குறைகிறது. வளரச் சொல்லி தசைக்குப் போகும் தூண்டுதலும் அதோடு குறைகிறது. ஒரே ஒரு தடவை தூக்கும் அதிகபட்ச எடை பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். ஏமாறுவது அங்கேதான்.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. சேமிப்புதான் முதலில் காலியாகும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். அதனால் சிபிசியோடு (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) ஃபெரிட்டினும் எடுங்கள். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. 30-க்குக் கீழே இருந்தாலே பெரும்பாலும் குறைபாடாகத்தான் எடுப்பார்கள். காய்ச்சலும் கடும் பயிற்சியும் ஃபெரிட்டினைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். காய்ச்சல் போய் இரண்டு வாரம் கழித்து, இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு ரத்தம் கொடுங்கள். எம்சிவி (சிவப்பணுவின் அளவு) குறைவு, ஃபெரிட்டின் சரி என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையாக இருக்கலாம். அதற்கு இரும்பு மாத்திரை உதவாது.

ஆணுக்கு இரும்பு குறைந்திருந்தால் மாத்திரையோடு விடாதீர்கள். மூலம், வயிற்றுப்புண், உடம்பு வலிக்கு தினமும் விழுங்கும் வலிமாத்திரை என்று எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டிக் கேளுங்கள். பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்று பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் இரும்புக்குச் சுவரொட்டிக்கு (ஆட்டு மண்ணீரல்) ஈடானவை குறைவு. கறிக்கடையில் காலையிலேயே சொல்லி வையுங்கள், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான். கழுவி, கத்தி நுனியால் நாலைந்து இடத்தில் குத்துங்கள், இல்லாவிட்டால் சட்டியில் வெடிக்கும். மஞ்சள், மிளகு, உப்பு தடவி, சின்னத் தீயில் திருப்பித் திருப்பி உள்ளே சிவப்பு போகும்வரை வேகவிடுங்கள். கறி சாப்பிடாதவர்கள் முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடவே சேர்க்க வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மாத்திரை டாக்டர் சொன்ன அளவில்தான். ஒன்று போட்டதும், குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி மறுநாள் உறிஞ்சலைக் குறைக்கும், அதனால்தான் பலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதுகிறார்கள். பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்திலும் ஹெப்சிடின் ஏறும். ஆகவே காலையில், பயிற்சிக்கு முன்போ முடிந்த அரை மணிக்குள்ளோ போடுங்கள். பால், வே புரோட்டீன், கால்சியம், நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட் கூடவே வேண்டாம், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பது சகஜம். தார்போலப் பிசுபிசுத்து நாறினால் உடனே டாக்டர். குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், இந்த மாத்திரை சின்னப் பிள்ளைகளின் உயிரையே எடுத்துவிடும்.

ரத்தசோகை இருந்தவருக்கு மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம் அளவாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரை சேராமல் இருக்கலாம், அல்லது கசிவு நிற்காமல் இருக்கலாம். சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடருங்கள். அதுவரை தூக்கும் எடையைக் குறைக்காமல் ஐந்து செட்டை மூன்றாக்கி, நடுவில் மூன்று நிமிடம் ஓய்வெடுங்கள். படபடப்போ நெஞ்சு வலியோ வந்தால் அப்போதே பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.