வாத்துக் கொட்டகையில் தண்ணீர் ஒரு பக்கம், படுக்கை ஒரு பக்கம்

வாத்து நீர்ப்பறவைதானே, ஈரத்தில் கிடந்தால் என்ன என்ற எண்ணத்தோடுதான் பலரும் கொட்டகை போடுகிறார்கள். ஆனால் நனைவதற்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, படுப்பதற்கு உலர்ந்த தரையும் அதற்கு அவ்வளவு தேவை. ஒரே இனத்துக் குஞ்சுகள் ஒரே தீவனத்தைத் தின்றும் ஒரு கொட்டகையில் மளமளவென வளர்ந்து, இன்னொன்றில் எடை பிடிக்காமல் நிற்கின்றன என்றால் முதலில் தரையைத்தான் பார்க்க வேண்டும்.

வாத்தின் எச்சத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர். போதாக்குறைக்கு, தீவனத்தைக் கவ்வியதும் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடி, அலகை அலசிவிட்டுத் தலையை உதறுவது அதன் வழக்கம். தரையில் படுக்கையாகப் பரப்பிய கூளம் இப்படி நனைந்து, அதில் எச்சத்தின் யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. அது கண்ணை உறுத்துவதோடு, மூச்சுக்குழலில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்து சுவாச நோய்களுக்கு வழி விடுகிறது. வயிற்றுப்புற இறகு அழுக்கேறி ஊறிவிட்டால் குளிரைத் தடுக்காது; சதையாக வேண்டிய தீவனம் உடலைச் சூடாக வைத்துக்கொள்வதிலேயே செலவாகிவிடும். பாதத்தின் அடித்தோல் ஊறிப் புண்ணானாலோ, நொண்டும் வாத்து தீவனத் தொட்டிவரை நடக்கவே தயங்கும்.

ஈரத்தை அறியக் கருவி ஏதும் வேண்டாம். ஒரு கைப்பிடி கூளத்தை அள்ளி இறுகப் பிழிந்து விரல்களை விரியுங்கள். உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டைபோல் அப்படியே நின்றால் அந்த இடத்தை வாரி எடுத்துவிட்டுப் புதுக் கூளம் போட வேண்டும். வாடையையும் குந்தி உட்கார்ந்து, வாத்தின் தலைமட்டத்தில் முகர்ந்து பாருங்கள். காலையில் உள்ளே நுழைந்தவுடன் செய்தால்தான் உண்மை தெரியும். சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும்.

தண்ணீர்த் தொட்டியைக் கொட்டகையின் நடுவில் வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. நானும் தொடக்கத்தில் அதைத்தான் செய்தேன், ஒரே வாரத்தில் பாதித் தரை சேறானது. ஓர் ஓரத்தில், கம்பி வலையோ மரச்சட்டமோ பரப்பிய மேடைமேல் தொட்டியை வைத்து, அடியில் சிந்தும் நீர் வெளியே ஓட வடிகால் அமையுங்கள். வளர்ந்த வாத்துக்கு 12 முதல் 15 செ.மீ. ஆழம் வேண்டும், தலை முழுவதும் முங்கினால்தான் கண்ணும் மூக்குத் துளையும் சுத்தமாக இருக்கும். இளங்குஞ்சுகளுக்கு ஆழமற்ற, உள்ளே இறங்க முடியாத தொட்டியே ஏற்றது; தாயில்லாமல் வளரும் குஞ்சு நனைந்தால் விரைவில் குளிர்ந்து துவண்டுவிடும்.

கூளமாக உமியோ மரச்சீவலோ 8 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பலாம். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம், பூஞ்சணத்தின் வித்துகள் நுரையீரலில் தங்கிக் குஞ்சுகளைக் கொல்லும்.

இரவில் மட்டும் அடைப்பதானால் வாத்து ஒன்றுக்கு 3 முதல் 4 சதுர அடியும், பகலில் உலாவ வெளியே 10 முதல் 15 சதுர அடியும் ஒதுக்குங்கள். நெருக்கினால் ஒன்றையொன்று இறகு கொத்தும், கூளமும் காய நேரம் கிடைக்காது. வாத்துக்கு வியர்வைச் சுரப்பி இல்லாததால் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது; வெப்பம் மிகுந்தால் தீவனத்தைக் குறைக்கும், எடையும் நின்றுவிடும். ஆகவே நீளவாட்டுச் சுவர்களைத் தாழ்வாக எழுப்பி, மேலே கம்பி வலை அடித்துக் காற்றோட விடுங்கள். குளிர்காலத்திலும் முழுவதுமாக மூடிவிடாமல், காற்று வாத்தின்மேல் நேராக வீசாதபடி மட்டும் திரை தொங்கவிட்டால் போதும். குளிருக்குப் பயந்து எல்லாப் பக்கமும் சாக்கால் அடைப்பவர்கள், குளிரைவிடக் கெடுதலான அம்மோனியாவை உள்ளே பூட்டி வைக்கிறார்கள்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். விளக்கடியில் குவிந்து கிடந்தால் சூடு போதவில்லை. சுவரோரம் ஒதுங்கி இரைத்தால் மிகுதி.

கும்மிருட்டில் சிறு சத்தம் கேட்டாலும் வாத்துகள் மிரண்டு ஒரு மூலைக்கு ஓடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடியிலுள்ளவை நசுங்கும். மங்கலான விளக்கு ஒன்றை இரவெல்லாம் எரியவிட்டு, மூலைகளைத் தகட்டால் வளைத்து அடையுங்கள். வாசலில் படிக்குப் பதில் சாய்தளம் போடுங்கள். உடலின் கனத்துக்கு வாத்தின் கால் மெலிது, குதித்து இறங்கினால் பிசகும். அதே காரணத்தால், கூளம் மாற்றுவதற்காகப் பிடிக்கும்போதும் காலைப் பற்றித் தூக்காமல், சிறகுகளோடு சேர்த்து உடலை அணைத்தே தூக்க வேண்டும்.