யூகனேயன் குன்றுகளில் சைக்கிள்: உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இத்தாலியில் பதுவா நகருக்குத் தெற்கே உள்ள யூகனேயன் குன்றுகளில் மிக உயர்ந்த வெந்தா மலையே 601 மீட்டர்தான். ‘இவ்வளவுதானா?’ என்று பெரிய கியரோடு போனால் முழங்கால் கெஞ்சும். சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வெளிவந்த எரிமலைக் குழம்பு பல இடங்களில் தண்ணீராக இல்லாமல் கெட்டியாக இருந்தது. ஓடிப் பரவாமல் அங்கேயே குவிந்து இறுகியது. அதனால் குன்றுகள் கூம்பு கூம்பாக நிற்கின்றன. ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை. பின்சக்கரத்தில் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு 32 பல் இருந்தால் நல்லது.

முதல் நாளே மேலே ஏறாதீர்கள். குன்றுகளின் அடிவாரத்தைச் சுற்றி 60 கி.மீ.க்குச் சற்று மேல் நீளும் சைக்கிள் பாதை இருக்கிறது. பெரும்பாலும் சமதளம், கால்வாய்க் கரை, திராட்சைத் தோட்டங்கள். அதில் கால் பழகிய பிறகு குன்றுகளின் மேலே ஏறும் தெயோலோ, ரோக்கொலோ பக்கம் திரும்பலாம்.

தண்ணீரைக் காலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சின்ன ஊர்க் கடைகள் மதியம் மூன்று மணி நேரம்கூட மூடிக் கிடக்கும்.

அப்புறம், இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஆர்க்குவா பெத்ரார்க்கா என்ற ஊரைத் தவறவிடாதீர்கள். அங்கே பிரபலமானது நம் இலந்தையின் உறவுக்காரப் பழம். அதில் செய்யும் இனிப்பு மதுவை மட்டும் இறக்கம் முடிந்த பிறகு சுவையுங்கள்!