சின்ன ரயில் காட்சிக்கு ஜல்லி, மரம், தூசி

மாடல் ரயிலின் தண்டவாளத்தைப் பலகையில் பொருத்தி, ரயிலை ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒயரிங் பற்றி இங்கே பேசப்போவதில்லை. என்னுடையது ஹெச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் வருவது போன்ற ஒரு சின்ன நிலையம்தான் காட்சி.

எதைச் செய்தாலும் முதலில் 87-ஆல் வகுத்துவிடுங்கள். ஐந்தே முக்கால் அடி ஆள் 2 செ.மீ. வருவார். எட்டு மீட்டர் வேப்பமரம் சுமார் 9 செ.மீ.

மேடு பள்ளத்துக்குத் தெர்மகோல் போதும். அதன்மேல் ஃபெவிகாலில் நனைத்த செய்தித்தாள், பிறகு மெல்லிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தெர்மகோல் மீது நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள், கரைந்து குழியாகிவிடும்.

இனி ஜல்லி. என்னை மூன்று முறை அழவைத்தது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மெரினா மணலை எடுக்கவே கூடாது. உப்பு ஒரு பக்கம், அதில் கலந்திருக்கும் கருப்பு மணலைக் காந்தம் இழுக்கும் என்பது இன்னொரு பக்கம். இன்ஜின் மோட்டாருக்குள்ளும் காந்தம்தான் இருக்கிறது. வீடு கட்டும் இடத்தில் ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்குங்கள். கருங்கல்லை உடைத்து வருவதால் நிறமும் கூர்மையும் நிஜ ஜல்லி போலவே இருக்கும். நிஜ ஜல்லி 65 மி.மீ. என்றால் நமக்கு முக்கால் மில்லிமீட்டர். மாவுச் சல்லடையில் தூளை நீக்கி, டீ வடிகட்டியில் பெரிய கல்லை நீக்கி, மிச்சத்தின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிவிடுங்கள்.

ஃபேனை அணைத்துவிட்டு மணலைத் தூவுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே தள்ளி, கரண்டிக் காம்பால் தண்டவாளத்தைத் தட்டினால் மேலே நிற்கும் மணலும் இறங்கிவிடும்.

நான் தவறியது இதற்கு அடுத்த படியில். ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து நேராகச் சொட்டினேன். சொட்டு உள்ளே இறங்காமல் உருண்டு நின்றது, மணலும் அதோடு சேர்ந்து கிளம்பி வந்தது. முதலில் மணலை நனைக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் நான்கு சொட்டு விட்டு, சலூன் ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, சற்று உயரத்திலிருந்து பனி போல அடியுங்கள். மணல் முழுக்க ஈரமானதும் ஊசி கழற்றிய சிரிஞ்சால் அதே ஃபெவிகால் கலவையை விடுங்கள். இப்போது அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இங்க் ஃபில்லரைவிட சிரிஞ்ச் எவ்வளவோ மேல், ஒவ்வொரு சொட்டும் நம் கையில் இருக்கும். பாயின்ட்டின், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தின், நகரும் பகுதிக்குப் பக்கத்தில் மட்டும் பசையே வேண்டாம்.

சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஒரு நாள் போதாது, இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். அப்புறம் தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப் பழுப்பு அடித்து, அதே நிறத்தை நீர்க்கக் கரைத்து நடு ஜல்லியிலும் லேசாகத் தடவுங்கள். பிரேக் தூள் படிந்த பாதை போலாகிவிடும்.

மரத்துக்குப் பழைய ஒயரின் செம்புக் கம்பிகளை முறுக்கிக் கிளை பிரியுங்கள். இலைக்கு மரத்தூள், போஸ்டர் கலரில் மூன்று விதப் பச்சையாக. ஒரே பச்சை பிளாஸ்டிக் போலத் தெரியும். காய்ந்த பிறகு வெளிர் பழுப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மேலாக ஒற்றுங்கள். ரயில் பாதையோர மரத்தில் தூசி இல்லாவிட்டால் அது நம்ம ஊர் மரமே இல்லை.

பிறகு சேர்த்தது: ஜல்லி போட்ட பிறகு ரயில் நின்று நின்று ஓடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தண்டவாளத்தின் மேல்பரப்பில் பசை படலமாகக் காய்ந்திருக்கும், மின்சாரம் சக்கரத்துக்குப் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் கீறலில் அழுக்கு மறுபடி சீக்கிரமே சேரும்.

மழைக்காலத்தில் மரத்தில் பூஞ்சை பிடித்ததாக இன்னொருவர் சொன்னார். தூளை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகே ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாமலிருப்பதே நல்லது.