நெருக்கி நடும் ஆலிவ் தோப்பு: ரகத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் என்னிடம் ஆலிவ் பற்றிக் கேட்கும் தமிழர்கள் இரண்டு வகை. ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கம் நிலம் வாங்கியவர்கள் அல்லது வாங்கப் போகிறவர்கள் ஒரு வகை. சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ அப்பா விட்டுச்சென்ற நிலத்தைத் தரிசாகப் போட மனம் வராதவர்கள் மற்றொரு வகை. இரு தரப்பும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஏக்கருக்கு 650 கன்று நடலாமாமே, உண்மையா?"

உண்மைதான். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 1990களில் வேரூன்றிய முறை அது. வரிசைக்கு வரிசை 4 மீட்டர், கன்றுக்குக் கன்று ஒன்றரை மீட்டர் விட்டால் ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, 1,600 மரங்களுக்கு மேல் நிற்கும். பழைய தோப்புகளில் அதே இடத்தில் நூறு மரங்கள் நிற்பதே வழக்கம். ஆனால் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, ரகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்களே, அங்கிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

முதலில் குளிரைப் பாருங்கள். குளிர்காலத்தில் பல வாரங்கள் நல்ல குளிர் படாவிட்டால் ஆலிவ் பூக்காது. தமிழ்நாட்டுச் சமவெளியில் அந்தக் குளிர் கிடையாது. மரம் வளரும், இலை பளபளக்கும், பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். காய் மட்டும் வராது. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான், அதுவும் 1989இல். மாடத்துத் தொட்டியில் வைக்கும் ஆலிவை இலையழகுக்காக வைத்துக்கொள்ளலாம், காய்க்காக அல்ல. "அர்பெக்கினா ரகத்துக்குக் குளிர் குறைவாகப் போதும்" என்று கன்று விற்பவர்கள் சொல்வது பொய்யில்லை. மற்ற ஆலிவ் ரகங்களோடு ஒப்பிட்டால் குறைவு, அவ்வளவுதான். "ராஜஸ்தானில் வளர்கிறதே" என்பார்கள். அங்கே 2008இல் இஸ்ரேலிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார்கள் என்பது சரி. பிக்கானேர்ப் பக்கம் ஜனவரி இரவுகள் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஊர் நிலத்துக்கு முருங்கையோ புளியோ போதும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

குளிர் உள்ள இடத்தில் நிலம் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி மரத்தின் வீரியம். நெருக்கி நட்ட தோப்பில் வரிசை உயிர்வேலிபோல் நிற்க வேண்டும். அறுவடை இயந்திரம் வரிசையின் மேல் கவிழ்ந்தபடி ஓடி, இருபுறமும் கோல்களால் கொப்புகளை அடித்துக் காயை உதிர்க்கும். மரம் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தைத் தாண்டினாலோ, பக்கவாட்டில் தடித்தாலோ இயந்திரம் உள்ளே போகாது. பிக்குவல், கொரட்டினா, ஃபிராந்தோயோ, பார்னியா எல்லாம் அருமையான ரகங்கள், ஆனால் ஓங்கி வளர்பவை. இவற்றை ஒன்றரை மீட்டரில் நட்டவர் முதல் நான்கு ஆண்டுகள் மகிழ்ச்சியாக இருப்பார். பிறகு வரிசைக்குள் கையை விட்டுப் பார்த்தால் தெரியும்: வெளியே ஒரு சாண் அளவுக்குப் பச்சை, உள்ளே வெளிச்சம் படாமல் இலை உதிர்ந்த வெறும் குச்சி. காய் உச்சியில் மட்டும் இருக்கும்.

"கவாத்து செய்தால் சரியாகிவிடாதா?" ஆகாது. ஆலிவ் காய்ப்பது சென்ற ஆண்டு விட்ட கொப்பில். கடுமையாக வெட்டினால் அந்தக் கொப்புகள் போய்விடும்; வீரிய ரகமோ வெட்டிய இடத்திலிருந்து முரட்டுத்தனமாகப் புதுப்போத்து விடும். அந்த ஆண்டு காய் இல்லை, அடுத்த ஆண்டு மறுபடி வெட்டு. இந்தச் சுழலில் சிக்கிய தோப்பை மீட்க, ஒன்றுவிட்டு ஒரு மரத்தைப் பிடுங்குவதைத் தவிர வழி குறைவு. ஆஸ்திரேலியாவில் பார்னியா, பிக்குவல் போன்றவற்றை அகலமாக நட்டு, பெரிய மரத்துக்கென்றே செய்த கொலோசஸ் இயந்திரத்தால் அறுவடை செய்கிறார்கள். பக்கத்தில் எந்த இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நெருக்கத்துக்கு ஒத்துவரும் பெயர்கள் பெரும்பாலும் மூன்று: அர்பெக்கினா, அர்பொசானா, கொரனெய்க்கி. மூன்றையும் ஒன்றென நினைப்பது இன்னொரு தவறு. அர்பொசானாதான் அடங்கி வளர்வது. ஆனால் அர்பெக்கினாவைவிடச் சில வாரம் தாமதமாகப் பழுக்கும், உறைபனி முந்திக்கொள்ளும் ஊரில் எண்ணெய் கெடும். கிரேக்கத்துக் கொரனெய்க்கி வறட்சியைத் தாங்கும், எண்ணெய் காரமும் கசப்புமாக நீண்ட நாள் கெடாமல் இருக்கும். பனியைத் தாங்காது, வீரியமும் சற்று அதிகம். அர்பெக்கினா பனியைத் தாங்கும், எண்ணெய் மென்மையானது, சீக்கிரம் பழசாகிவிடும். அதைவிட முக்கியமானது, கொளுத்தும் கோடையில் அதன் எண்ணெயில் ஒலெயிக் அமிலம் (ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலம்) குறைந்துவிடும். வடமேற்கு அர்ஜென்டினாவில் அர்பெக்கினா எண்ணெய், கலப்படம் எதுவும் இல்லாமலே, சர்வதேசத் தர வரம்புக்குக் கீழே போயிருக்கிறது. பெர்த்துக்கு வடக்கே வெயில் அதிகமான இடத்தில் நிலம் பார்ப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஊறுகாய் ஆலிவுக்கு இந்த முறை வேண்டாம். கோல் அடியில் காய் கன்றிவிடும்.

நிலத்தில் முன்பு என்ன விளைந்தது என்று கேளுங்கள். பருத்தி, தக்காளி, உருளைக்கிழங்கு போட்ட மண்ணில் வெர்ட்டிசிலியம் வாடல் நோய்ப் பூஞ்சை பல ஆண்டுகள் தங்கியிருக்கும். அங்கே மண்ணைச் சோதிக்காமல் எந்த ரகத்தையும் நடக்கூடாது.

மூன்றாம் ஆண்டே காய் என்ற விளம்பரத்தில் மயங்கி முழு நிலத்திலும் ஒரே ரகத்தைப் போடுவதும் உண்டு. அர்பெக்கினா தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கும். ஆனாலும் சில வரிசைகள் வேறு ரகம் இருந்தால் காய்ப்பிடிப்புக்கு உதவும். முழு விளைச்சலும் ஒரே வாரத்தில் வந்து ஆலை வாசலில் காத்துக் கிடக்காது. பறித்த காயை ஒரு நாளுக்குள் ஆட்டிவிட வேண்டும்.

கன்றின் பெயரைச் சும்மா நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பாரகன் என்று விற்ற கன்றுகள் மரபணுச் சோதனையில் ஃபிராந்தோயோ என்றே தெரியவந்தன. ஓங்கி வளரும் அந்த ரகத்தை ஏக்கருக்கு 650 நட்டிருந்தால் என்ன கதி? எந்தத் தாய்மரத்திலிருந்து எடுத்த குச்சி, ரகச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். தர மறுக்கும் நாற்றங்காலுக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.