அங்கன்வாடி வாசலில் டிரான்ஸ்பார்மர் போட வந்தால் என்ன செய்வது

தெருவில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு குழி தோண்ட ஆள் வந்துவிட்டால், எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள், அந்தக் கட்டத்தைப் போட்டோ எடுங்கள். சென்னையில் எங்கள் வியாசர்பாடி தெருவில் கூட்டமாகப் போய்க் கத்தினோம், ஒரு வாரம் வேலை நின்றது, அவ்வளவுதான், அடுத்த வாரம் போலீசோடு வந்தார்கள்.

அப்புறம்தான் டேப்பை எடுத்தோம். அங்கன்வாடி கதவிலிருந்து எத்தனை அடி, தண்ணீர் லாரி வந்தால் குடங்களின் வரிசை எதுவரை நீளும், மழையில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். போன மழையில் தண்ணீர் நின்ற கறை சுவரில் இருக்கும், அதன் பக்கத்தில் டேப்பைப் பிடித்து ஒரு போட்டோ எடுங்கள். எங்கள் அங்கன்வாடி சுவரில் கறை இரண்டேகால் அடி, மூன்று வயதுப் பிள்ளையின் நெஞ்சு உயரம். அதைப் பார்த்த பிறகுதான் பொறியாளரே இறங்கி வந்து பேசினார். 2017 நவம்பர் மழையில் கொடுங்கையூரில் தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் செத்துப்போனதை நம் பக்கம் யாரும் மறக்கவில்லை, மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள்.

கதிர்வீச்சு, புற்றுநோய் என்று ஆரம்பிக்க வேண்டாம். 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டிரான்ஸ்பார்மரையும் மின்கம்பியையும் சுற்றி உண்டாகும் காந்தப்புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது உண்மை, ஆனால் அது உறுதியான நிரூபணம் இல்லை, தூரம் போகப் போக புலமும் வேகமாகக் குறைந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். விதியைக் கேளுங்கள்: டிரான்ஸ்பார்மருக்கு வருகிற 11 கிலோவோல்ட் கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் தள்ளியாவது இருக்க வேண்டும்.

'வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. மே மாத ராத்திரியில் லோ வோல்டேஜில் ஃபேன் சுற்றாத வீடுகளும் நம் தெருவில்தானே இருக்கின்றன, அவர்களுக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதனால் மாற்று இடம் இரண்டைப் படம் வரைந்து காட்டுங்கள், லாரி நுழையுமா, மேடான இடமா என்று பார்த்துவிட்டு. கையெழுத்து தாய்மார்களிடம் வாங்குங்கள். அங்கன்வாடி டீச்சரைக் கேட்காதீர்கள், அவருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும்.

மனு ஈபி உதவிப் பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும், நகல் கவுன்சிலருக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும். திங்கட்கிழமை ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். எங்கே கொடுத்தாலும் உங்கள் நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் அனுமதி உத்தரவு, இட வரைபடம், நிலம் யாருடையது என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

எங்களுக்கு முப்பது அடி தள்ளிப் போட்டார்கள். இடம் மாறினாலும் வேலிக்கும் எர்த் கம்பிக்கும் எழுதிக் கேளுங்கள், அக்டோபர் மழைக்கு முன்னால் நீங்களே போய்ப் பாருங்கள், சின்னக் கை நுழைகிற சந்து வேலியில் இருக்கிறதா என்று.