புதிய உதவிப் பேராசிரியர் துறையில் பழகிக்கொள்வது எப்படி?

பல்கலைக்கழகத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில் துறைத்தலைவரையும் மூத்த பேராசிரியர்களையும் பார்த்துவிட்டு இருக்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதே வாரத்தில் அலுவலக உதவியாளர், ஆய்வகப் பணியாளர், கௌரவ விரிவுரையாளர்கள் ஆகியோரிடமும் நீங்களே சென்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

இவற்றுள் கௌரவ விரிவுரையாளர்களுடனான உறவுதான் மிகவும் நுட்பமானது. தொகுப்பூதியத்தில் பல ஆண்டுகளாக ஒரே தாளை நடத்திவரும் ஒருவர், உங்களைவிட வயதில் மூத்தவராகவும், இன்று உங்களுக்குக் கிடைத்திருக்கும் பணியிடத்துக்கே விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவராகவும் இருக்கக்கூடும். அவரை மற்றவர்களைப் போலவே 'சார்', 'மேடம்' என்றே அழையுங்கள். அவர் நடத்திய தாள் கால அட்டவணையில் உங்களுக்கு மாறுவதாக இருந்தால், அறிவிப்புப் பலகையில் அவர் பார்ப்பதற்கு முன்பே நேரில் சொல்லிவிடுங்கள். சம்பளப் பேச்சை அவர் முன்னால் எடுக்க வேண்டாம். நான் சேர்ந்த புதிதில் ஊதிய நிலுவையை ஆசிரியர் அறையில் உரக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்தவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் என்னிடம் மறுபடி இயல்பாகப் பேச ஒரு பருவம் ஆயிற்று.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தலுக்கு வகுத்திருக்கின்றன. அதற்கு மேல் நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அவை) கேட்கும் ஆவணங்கள், தேர்வுப் பணி, விழா ஏற்பாடு என எல்லாம் இளையவர் தலையில்தான் விழும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட, கையிலுள்ள வேலைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, "இவற்றில் எதைத் தள்ளிவைத்துவிட்டு இதைச் செய்யட்டும், ஐயா?" என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள்.

கூட்டாக ஆய்வுக் கட்டுரை எழுதுவதானால், யார் பெயர் முதலில் வரும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்னரே பேசி, அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் மனக்கசப்பே மிஞ்சும்.

ஆய்வு மாணவர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் 4 முனைவர் பட்ட மாணவர்களுக்கு மேல் வழிகாட்ட இயலாது என்பதால் இடம் குறைவு. அதைவிட, மூத்தவரிடம் பதிவு செய்த மாணவர் உங்களிடம் மாற விரும்பினால் சிக்கல் பெரிது. அந்த வழிகாட்டியிடம் பேசிவிட்டீர்களா என்று மாணவரிடம் முதலில் கேளுங்கள். வழிகாட்டியின் சம்மதத்தை நேரில் கேட்டறியும் வரை, மாற்றத்துக்கான படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.