பழைய இரும்புப் பெட்டியின் கதவை டிரில்லுக்கு ஈடுகொடுக்கச் செய்வது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கூலிக்குக் கொலுசு செய்யும் பட்டறைகளில் இரவு தங்கும் வெள்ளி பெரும்பாலும் அடுத்தவருடையது. எங்கள் பட்டறையிலும் அப்படித்தான். அதை வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டி தாத்தா காலத்தது. சாவியின் பற்கள் உள்ளேயுள்ள லீவர் என்னும் சிறு தகடுகளைத் தூக்கித் திறக்கும் லீவர் பூட்டு கொண்டது. அந்தப் பூட்டு இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால், அதன் கதவை ஒருநாள் அரத்தால் தேய்த்துப் பார்த்தபோது, சாதாரண ஜன்னல் கம்பியைத் தேய்ப்பதுபோல் தூள் உதிர்ந்தது. மின்சார வசதியே அரிதாக இருந்த நாளில் செய்யப்பட்ட கதவுக்கு, பேட்டரியில் ஓடும் இன்றைய டிரில்லைத் தாங்கும் வலு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு நான் செய்தவற்றை, என் முதல் முயற்சி தோற்ற இடத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கதவில் எந்த இடத்தைத் துளைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். துளைக்கவே முடியாத கதவு என்று ஒன்று இல்லை. துளைப்பதற்கு ஆகும் நேரத்தை நீட்டுவதுதான் நம் வேலை. பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்காவின் யூ.எல். அமைப்பு பெட்டகங்களுக்குத் தரும் ‘டி.எல்.-15’ என்ற தரச்சான்றுகூட, கருவிகளோடு தாக்கும்போது வேலை நடக்கும் நிகர நேரத்தில் கதவு 15 நிமிடம் தாங்கும் என்றுதான் சொல்கிறது. அக்கம்பக்கத்தார் சத்தம் கேட்டு எழுந்துவர அந்த நேரம் பெரிய உதவி.

கதவின் உட்புறத்தைத் திறத்தல்

கதவைத் திறந்து வைத்து, உட்புறத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு திருகாணியும் எந்த இடத்தில் இருந்தது என்பதை ஓர் அட்டையில் வரைந்து, அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. பழைய பெட்டிகளில் தீத்தடுப்புக்காக அடைத்த பொருள் இருக்கும். அது நார்நாராக, சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் தெரிந்தால் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதைக் கிளறவும் துடைக்கவும் வேண்டாம். வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். என் பெட்டியில் இருந்தது வெறும் சிமெண்டுக் கலவை என்பதால் தொடர முடிந்தது.

தகட்டைத் தேர்ந்தெடுத்தல்

பூட்டுக்கும் முன்தகட்டுக்கும் நடுவே ஒரு கடினத் தகடு வேண்டும். இதற்கு நான் பரிந்துரைப்பது மாங்கனீசு எஃகு. 1882-இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டறிந்த இந்த உலோகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் மாங்கனீசு இருக்கிறது. அடியும் அழுத்தமும் படப்பட அதன் மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும் என்பது அதன் தனிச்சிறப்பு. டிரில் பிட் எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறதோ அவ்வளவுக்குத் தகடு அந்த இடத்தில் கெட்டிப்படும். கல் உடைக்கும் கிரஷரின் தாடைகளை இதில்தான் வார்க்கிறார்கள். பழைய தாடை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அது பருமனானது, தட்டையாகவும் இராது. 5 அல்லது 6 மில்லிமீட்டர் தகடாகவே கேட்டு வாங்குங்கள்.

இந்த எஃகில் காந்தம் ஒட்டாது. ஆனால், உருக்காலை உள்ள நம் ஊரில் துருப்பிடிக்காத எஃகின் துண்டுகள் எங்கும் கிடைக்கும், அவற்றிலும் பலவற்றில் காந்தம் ஒட்டாது. எனவே காந்தச் சோதனையோடு நிற்காமல், புதிய ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டிரில் பிட் ஒன்றை வாங்கிப்போய்க் கடைக்காரர் அனுமதியோடு ஓரத்தில் துளைத்துப் பாருங்கள். எண்ணெய் விட்டு மெதுவாக அழுத்தினால் துருப்பிடிக்காத எஃகில் சுருள் சுருளாகச் சீவல் வரும். மாங்கனீசு எஃகில் பிட் கொஞ்சம் இறங்கும், பிறகு கிறீச்சிட்டு நின்ற இடத்திலேயே சுழலும். எடுத்துப் பார்த்தால் முனை நீலம் பாரித்திருக்கும். அந்த நீலத்தைப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

வெட்டுவதற்கு லேசர் கட்டிங் பட்டறையே சிறந்தது. கேஸ் கட்டிங்கிலும் வெல்டிங்கிலும் ஏறும் சூடு இந்த எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். அதனால் தகட்டைக் கதவோடு வெல்டிங் செய்யாமல், திருகாணியால் மட்டுமே பிணைக்க வேண்டும். அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொடுத்து, சாவித்துளை உட்பட எல்லாத் துளைகளையும் லேசரிலேயே போட்டு வாங்குங்கள். ஒரு துளையை மறந்துவிட்டால், வீட்டு டிரில்லால் அதைப் போட முடியாது.

நான் தடுமாறிய இடம்

முதல் முறை 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றை வெட்டி, பூட்டைக் கழற்றி, அதன் அடியில் வைத்து மீண்டும் பூட்டை முறுக்கினேன். எல்லாம் அச்சாகப் பொருந்தியது. சாவியைப் போட்டேன், திரும்பவில்லை. எண்ணெய் பற்றாக்குறை என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன்.

மூன்றாம் நாள், சாவியின் பல்லை அகல்விளக்குச் சுடரில் காட்டிக் கரியேற்றி, பூட்டுக்குள் விட்டு லேசாகத் திருப்பி எடுத்துப் பார்த்தேன். கரி உரசி அழிந்த கோடுகள் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் இருப்பதற்குப் பதிலாக ஒரு பல் தள்ளி விழுந்திருந்தன. காரணம் உடனே விளங்கியது. அடியில் வைத்த தகடு பூட்டை 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிவிட்டது. சாவியின் தண்டிலுள்ள வளையம் கதவின் வெளிப்பக்கத்தில் முட்டி நிற்பதால், அந்த அளவுக்குச் சாவி எட்டவில்லை. முதல் லீவரைத் தூக்க வேண்டிய பல் வேறொரு லீவரைத் தொட்டது.

சாவியில் முட்டி நிற்கும் வளையத்தை அராவிக் குறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. சரியான சாவி இரண்டையும் கெடுத்துவிட்டுப் பூட்டைக் காப்பாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் தெரு லேத் பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “தகட்டைச் சேக்காத தம்பி, மாத்து” என்றார். என் பெட்டியில் பூட்டு நேராகக் கதவில் அமராமல், 6 மில்லிமீட்டர் சாதாரண இரும்புத் தகடு ஒன்றின் மேல் அமர்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில், அதே 6 மில்லிமீட்டர் பருமனில் மாங்கனீசுத் தகட்டை வைத்தோம். பூட்டு பழைய இடத்திலேயே அமர்ந்தது, சாவியும் திரும்பியது. உங்கள் பெட்டியில் இப்படி ஓர் இடைத்தகடு இல்லாவிட்டால், பூட்டைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு மட்டும் பாதுகாப்புச் செய்யுங்கள். மற்றதைப் பூட்டு வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

குண்டுத் தட்டு

தகடு எட்டாத பகுதிக்கு, ஆழம் குறைந்த தகரத் தட்டில் 6 மில்லிமீட்டர் பேரிங் குண்டுகளை நெருக்கமாக அடுக்கி, பாதி உயரத்துக்கு எபாக்சிப் பசை ஊற்றி இறுகவிட்டுப் பொருத்தினேன். மிகக் கடினமான கார்பைடு முனை கொண்ட பிட் மாங்கனீசு எஃகையும் நேரம் எடுத்துத் துளைத்துவிடும். ஆனால் அது பக்கவாட்டு அழுத்தத்துக்கு எளிதில் ஒடியக்கூடியது. உருண்டையான குண்டின்மேல் அதன் முனை வழுக்கும். தேய்க்கும் சூட்டில் எபாக்சி இளகிக் குண்டும் சேர்ந்து சுழலத் தொடங்கினால் பிட்டுக்குப் பிடிமானமே கிடைக்காது. எபாக்சியைக் கதவுக்கு வெளியே ஊற்றி, 24 மணி நேரம் காயவிட்ட பிறகே தட்டை உள்ளே பொருத்துங்கள். ஒரு சொட்டு லீவரில் விழுந்தாலும் பூட்டு போயிற்று.

மூடுவதற்கு முன்

கதவைத் திறந்தபடியே வைத்து, இரண்டு சாவிகளாலும் தலா 20 முறை பூட்டித் திறங்கள். தாழ்க்கம்பிகள் முழுவதும் வெளிவந்து முழுவதும் உள்ளே போகின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். நீளமான ஒரு திருகாணி தாழின் பாதையில் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும், மூடிய கதவுக்குப் பின்னால் தாழ் சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு உங்கள் கதவை நீங்களே துளைக்க வேண்டியிருக்கும். லீவர்களுக்கு எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் போதும். கடைசியாக, பெட்டியைத் தரைக் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கி, முதுகுப்புறம் சுவரோடு ஒட்டியிருக்குமாறு வையுங்கள்.

பிற்சேர்க்கை

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வீட்டில் பெட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர், இதேபோல் செய்த ஒரே மழைக்காலத்தில் தகடுகளுக்கு நடுவே துரு ஏறித் திருகாணிகள் இறுகிவிட்டன என்று எழுதியிருந்தார். சேலத்து வெயிலில் எனக்கு இது தோன்றவில்லை. மாங்கனீசு எஃகும் துருப்பிடிக்கக்கூடியதே. மலைமேல் இருப்பவர்கள் தகட்டின் இரு பக்கமும் ரெட் ஆக்சைடு என்னும் துருத்தடுப்புப் பூச்சைப் பூசிக் காயவிட்டு, திருகாணி மரைகளில் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். பூச்சின் கனத்தையும் 6 மில்லிமீட்டர் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால், பூட்டு அமரும் இடத்தில் மட்டும் ஒரே கை மெல்லியதாகப் பூசுங்கள்.